மயில் கழுத்து மை

தீராத தகராறுகள் உலகத்தில் பல உண்டு. அவற்றுள் ஒன்று, மயிலின் கழுத்து நீலமா, பச்சையா என்பது. சென்ற மாதம் அந்தத் தகராறு ஒரு மைப்புட்டியின் உருவத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. நான் காகிதத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டியதும், "நல்ல பச்சை" என்றாள் என் மனைவி. "நீலம், அப்பா!" என்றாள் என் பெண். என் தாயார் மூக்குக்கண்ணாடியைச் சரிப்படுத்திக் கொண்டு ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "இதிலே சண்டை என்ன வேண்டிக் கிடக்கிறது? மயில் கழுத்துக் கலர். என் கல்யாணப் புடவை இதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பீலுக்கு இடமில்லாத தீர்ப்பு!

நம் நாட்டுப் புடவைக் கடைக்காரர்கள் பெரிய நிற சாஸ்திரிகள். கிளிப்பச்சை, ராமர் நீலம், எம். எஸ். புளூ என்று அவர்கள் பெயர் சொன்ன மாத்திரத்தில் நிறம் கண் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. மயில் கழுத்துப் பட்டு நெய்கிறவர் நீல இழையையும் பச்சை இழையையும் பாவும் ஊடையுமாக வைத்து நெய்கிறார். ஒரு பக்கம் அசைந்தால் நீலம். மறு பக்கம் மடிந்தால் பச்சை. ஆகவே இரு கட்சிக்காரர்கள் சொல்வதும் மெய்தான். ஆங்கிலேயர்கள் இந்த நிறத்துக்கு 'டீல்' என்று ஒரு சிறிய வாத்தின் பெயரை இட்டிருக்கிறார்கள். தமிழில் அந்த வாத்துக்குக் கிளுவை என்று பெயர். பனிக்காலத்தில் வட ஆசியாவிலிருந்து நம் ஏரிகளுக்கு விருந்தாளியாக வரும் பறவை அது. ஆண் பறவையின் கண்ணைச் சுற்றிப் பின்கழுத்து வரையில் ஒரு பட்டை ஓடுகிறதே, அதுதான் இந்த நிறம். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எங்கள் தாம்பரத்துக்குக் கிழக்கே சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே பொறுமையுடன் நின்றால் கிளுவையைக் காணலாம். ஆனால் புடவைக் கடையில் போய்க் கிளுவை நிறத்தில் ஒரு பட்டு வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆகையால் மயிலோடேயே இருப்போம்.

நிற்க. என் மேசையின் மேல் இப்போது இரண்டு மயில்கள் இருக்கின்றன.

முதலாவது, ஜப்பான் தேசத்து மயில். 1918-ல் தொடங்கிய பைலட் கம்பெனியார் 2007-ஆம் வருஷம் முதல் 'இரோஷிசுகு' என்ற வரிசையில் பேனா மைகள் செய்து வருகிறார்கள். 'நிறத்துளி' என்பது அந்தப் பெயரின் பொருள். அதில் நீலமும் பச்சையும் கலந்த மைக்குக் 'குஜாக்கு' என்று பெயர். ஜப்பானிய பாஷையில் குஜாக்கு என்றால் மயிலேதான்! கடல் கடந்த ஒரு தேசத்தார் அந்த நிறத்தைக் கண்டதும் நம் பாட்டிமார் சொன்ன பெயரையே சொன்னார்கள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஐம்பது மில்லி கொள்ளும் கனமான கண்ணாடிப் புட்டி. கடைசித் துளியும் ஓரிடத்தில் வந்து தங்கும்படி அடியில் ஒரு சிறு குழி. பழைய மாணவர் ஒருவர் அன்புடன் கொண்டுவந்து கொடுத்தார். ஆதலால் அதன் விலையைப் பற்றி வீட்டில் நான் கணக்குக் காட்ட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

இரண்டாவது, தாம்பரத்து மயில். மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் நம் நாட்டில் செய்த 'டர்க்காய்ஸ்' நீல மையில் ஒரு புட்டியும், பச்சை மையில் ஒரு புட்டியும் வாங்கினேன். நீலம் நாலு பங்கு, பச்சை ஒரு பங்கு என்று பில்லரால் எண்ணி எண்ணிக் கலந்தேன். மைகளைக் கலப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கலந்தவுடனே பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். சில சாயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாமல் அடியில் வண்டலாகத் தங்கும்; அது பேனாவின் நாக்கை அடைத்துவிடும். ஒரு கண்ணாடிக் குழாயில் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் வண்டல் இல்லை என்று கண்ட பிறகே உபயோகிக்க வேண்டும். என் கலவை தெளிவாக இருந்தது.

நம் நாட்டு மைக்கும் சுதேசிக் கொள்கைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1931-ல் பம்பாயில் தண்டேகர் என்பவர் குதிரை மார்க்கு மைப்பொடியுடன் தொடங்கிய தொழில்தான் பின்னால் 'காம்லின்' ஆயிற்று. 1934-ல் வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் 'சுலேகா' மையைத் தொடங்கினார்கள். சுலேகா என்றால் அழகிய எழுத்து. நடுவில் பல வருஷங்கள் மூடிக் கிடந்த அந்தத் தொழிற்சாலை மீண்டும் திறந்து, 2020 முதல் மறுபடியும் பேனா மை விற்கிறது. 1935-ல் ராஜமகேந்திரவரத்து ரத்னம் என்பவர் செய்த பேனா, தஞ்சாவூரில் பிறந்தவரான ஜே. ஸி. குமரப்பாவின் மூலமாகக் காந்தியடிகளின் கைக்குப் போயிற்று. அடிகள் அதனால் எழுதிப் பார்த்து, அந்நியப் பேனாக்களுக்கு நல்ல பதில் சரக்கு என்று ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதிப் பார்த்த பிறகே எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். சுதேசி என்பதற்காக மட்டும் புகழவில்லை. பரீட்சை செய்து புகழ்ந்தார். நாமும் அந்த முறையைக் கைக்கொள்வோம். ஜப்பான் மயிலை விலைக்காகப் புகழவும் வேண்டாம். தாம்பரத்து மயிலைப் பிறந்த ஊருக்காகப் புகழவும் வேண்டாம்.

பரீட்சைக்கு நான் எடுத்துக்கொண்ட பேனா, திருவள்ளூரில் கையால் கடைந்து செய்த கறுப்பு எபனைட் பேனா. கழுத்தைத் திருகிக் கழற்றி, உடலுக்குள்ளேயே பில்லரால் மை ஊற்றும் பழைய ரகம். ஒரு தடவை ஊற்றினால் ஒரு வகுப்பின் கட்டுரை நோட்டுக்கள் முழுவதையும் திருத்தி முடிக்கலாம். இரண்டு மைக்கும் ஒரே பேனா, ஒரே நிப்பு. நடுவில் நன்றாகக் கழுவி உலர்த்தியது. இல்லாவிட்டால் பேனாவின் குணத்தை மையின் குணமாக எண்ணி மயங்குவோம்.

முதலில் நிறம். காலை ஏழு மணிக்குத் தாழ்வாரத்து வெளிச்சத்தில் இரண்டு மயில்களும் நீலக் கட்சி. இரவில் மஞ்சள் விளக்கின் கீழே இரண்டும் பச்சைக் கட்சி. தபால் கார்டின் மங்கிய மஞ்சளில் எழுதினால் பச்சை தூக்குகிறது. வெள்ளைத் தாளில் நீலம் எழுகிறது. எழுதும்போது ஒரு நிறம், உலர்ந்த பிறகு ஒரு நிறம். ஆகவே ஒரு மையின் நிறம் இன்னது என்று ஒரே வார்த்தையில் சொல்லுகிறவர் அதை ஒரே காகிதத்தில், ஒரே வேளையில் பார்த்தவர் என்று அறிக. என் மனைவி கோட்டைப் பார்த்தது சமையலறை விளக்கில். என் பெண் பார்த்தது ஜன்னலோரத்தில். குடும்பக் கலகத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

இரண்டாவது, காகிதம். மாணவர்களுடைய சாதாரண நோட்டுத் தாள் மையைக் கண்டதும் தாகம் கொண்டவன்போல் உறிஞ்சுகிறது. ஜப்பான் மயில் அதிலும் தன் கரையைக் காத்துக்கொண்டது. எழுத்தின் ஓரம் சுத்தமாக நின்றது. தாம்பரத்து மயிலின் ஓரத்தில் சிறு சிறு வேர்கள் ஓடின. தடித்த நிப்பினால் எழுதிய இடத்தில் மறுபக்கத்திலும் புள்ளி தெரிந்தது. வழவழப்பான கெட்டித் தாளிலோ இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண் வலித்தது. அந்தத் தாளில் கோட்டின் தொடக்கம் வெளுத்தும் முடிவு கறுத்தும், 'ழ'கரத்தின் சுழியில் ஆழம் கூடியும், ஒரே எழுத்துக்குள் ஏரியின் கரையும் நடுவும் போலத் தோன்றியது. பந்துமுனைப் பேனாவினால் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு புது விஷயம். கோட்டுக்குக் குரல் உண்டு என்பதை அவர்கள் அப்போதுதான் கண்டார்கள்.

மூன்றாவது, உலர்தல். ஐப்பசி கார்த்திகையில் தாம்பரத்துக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். நோட்டுத் தாளில் பத்து விநாடி ஆனதும் விரலால் தேய்த்தேன். இரண்டும் ஏறக்குறைய உலர்ந்துவிட்டன. கெட்டித் தாளில் அரை நிமிஷம் கழித்தும் விரலில் மயில் ஒட்டிக்கொண்டது. என் வகுப்பில் இடது கையால் எழுதும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு அழகிய தாளும் அழகிய மையும் சேர்ந்தால் ஆபத்து. மையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வலது கைக்காரர்கள் என்பதை அவள் எனக்கு நினைப்பூட்டினாள்.

நான்காவது, இந்த நிறத்துக்கே உரிய ஒரு ஜாலம். கெட்டித் தாளில் மை தேங்கி உலர்ந்த இடத்தை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால், நீலப்பச்சையின் மேல் செம்பு நிறத்தில் ஒரு மினுமினுப்புத் தோன்றும். பச்சைக்குள்ளே சிவப்பு எங்கிருந்து வந்தது? ஒரு சாயம் எந்த நிற ஒளியை மிகவும் பலமாக விழுங்குகிறதோ, அதே நிற ஒளியைக் கெட்டியாகப் படிந்த இடத்தில் மேற்பரப்பிலிருந்து கண்ணாடிபோல் திருப்பியும் அனுப்பும். நீலப்பச்சைச் சாயம் விழுங்குவது சிவப்பை. ஆகவே அதன் முதுகில் மினுங்குவதும் சிவப்பு. உண்மையான மயிலின் கதை வேறு. அதன் இறகில் நீலச் சாயமே கிடையாது. கருமையான நுண்ணிய கோல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளிகளில் ஒளி பட்டுத் திரும்புவதனால்தான் அந்த நிறம். நம் ஸர். ஸி. வி. ராமனும் பறவைச் சிறகுகளின் நிறத்தை விட்டுவைக்கவில்லை. 1934-ல் அதைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட பறவை பனங்காடை. வண்டலூர்ப் பக்கத்து மின்கம்பிகளில் அது சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிறகை விரித்துவிட்டால், என் இரண்டு மைப்புட்டிகளும் வெட்கப்பட வேண்டியதுதான்.

ஐந்தாவது பரீட்சையை வகுப்பிலேயே நடத்தினேன். ஒற்றுத்தாளை நீளமாகக் கத்தரித்து, அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே தாம்பரத்து மயிலில் ஒரு பொட்டு வைத்து, தாளின் நுனி மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிட்டோம். தண்ணீர் மெள்ள மெள்ள ஏறியது. அதனோடு பொட்டும் ஏறியது, ஏறும்போதே பிரிந்தது. மஞ்சள் ஒரு பக்கம் முன்னால் ஓடியது; நீலம் தாளைப் பற்றிக்கொண்டு பின்தங்கியது. "ஸார், பச்சை எங்கே போச்சு?" என்று கேட்டான் ஒரு பையன். பச்சை என்று ஒன்று அங்கே இருக்கவேயில்லை. நீலமும் மஞ்சளும் கூடியிருந்த வரையில்தான் பச்சை. இந்த முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் த்ஸ்வெத் என்ற ருஷிய தாவர சாஸ்திரி. அவர் இலைச் சாயங்களைப் பிரித்தது சுண்ணாம்புத் தூளை அடைத்த ஒரு கண்ணாடிக் குழாயில். ருஷிய பாஷையில் த்ஸ்வெத் என்றால் நிறம் என்றே பொருள் என்று சொன்னதும் வகுப்பு முழுவதும் சிரித்தது.

பின்தங்கிய அந்த நீலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நீலப்பச்சைச் சாயங்களில் பெரிய குடும்பம் ஒன்றுக்கு நடுநாயகமாக இருப்பது தாமிரம். 1928-ல் ஸ்காட்லாந்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில், பாத்திரத்தின் கண்ணாடிப் பூச்சு விரிசல் விட்டதனால் உள்ளே இருந்த பொருள் இரும்பில் பட்டு, எதிர்பாராமல் ஒரு நீலம் உண்டாயிற்று. அதை ஆராய்ந்தவர்கள் இரும்புக்குப் பதிலாகத் தாமிரத்தை வைத்து, 1935-ல் கடைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று பத்திரிகைகளின் வர்ண அட்டையில் வானமும் கடலும் அந்தத் தாமிர நீலத்தால்தான் அச்சாகின்றன. அதையே நீரில் கரையும்படி செய்து பஞ்சு நூலுக்குச் சாயமாகவும் போடுகிறார்கள். காகிதமும் பஞ்சும் ஒரே ஜாதி, இரண்டும் செல்லுலோஸ். ஆகையால் அந்தச் சாயம் காகிதத்தையும் பற்றிக்கொள்ளும். நம் வைத்தியர்கள் தாமிரத்திலிருந்து வரும் ஒரு நீல உப்புக்கு மயில்துத்தம் என்று பெயர் வைத்தார்கள். தாமிரம் இருக்கும் இடத்தில் மயில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

இதுவரையில் சொன்ன பரீட்சைகள் யாவும் கண்ணுக்கு விருந்து. இனிச் சொல்லப் போவது அப்படியன்று. எங்கள் ஊரில் ஒரு மையைப் பற்றிப் பேசுகிறவன் தண்ணீர்ப் பரீட்சையைச் செய்யாமல் பேசக் கூடாது.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி பெய்யத் தொடங்கிய மழையில், மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. முடிச்சூரில் என் பெரியம்மாவின் வீடு இருந்தது. உயிர்களுக்குச் சேதமில்லை, மாடி காப்பாற்றியது. ஆனால் கீழே கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெரியப்பா வடநாட்டில் உத்தியோகம் பார்த்த பன்னிரண்டு வருஷங்களில் அவளுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. அவர் காலமாகி அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு அந்தக் கடிதங்களைப் பிரித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து ஒற்றி, மாடியில் கொடி கட்டி உலர்த்தியது நானும் என் மனைவியும். இரண்டு நாள் அந்த வேலை நடந்தது. கடிதங்கள் மூன்று ஜாதியாகப் பிரிந்தன. 'புளூ பிளாக்' மையில் எழுதியவை சேறு படிந்திருந்தும் வார்த்தைக்கு வார்த்தை படிக்கும்படி நின்றன. பிற்காலத்தில் பந்துமுனைப் பேனாவினால் எழுதியவையும் நின்றன. நடுவில் நாலைந்து வருஷம் அவர் அழகிய 'ராயல் புளூ' மையில் எழுதியிருக்கிறார். அந்தக் காகிதங்களில் ஓர் எழுத்தும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நீல மேகம் மட்டும் மிதந்தது. தேதியும் இல்லை, அவளை அவர் அழைக்கும் பெயரும் இல்லை.

அவற்றை என்ன செய்வது என்று பெரியம்மாவைக் கேட்டேன். "கொடியிலேயே இருக்கட்டும். நன்றாக உலரட்டும்" என்றாள். பிறகு அவற்றையும் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொண்டாள். "எழுத்துப் போனால் போகட்டும், அப்பா! அவர் உட்கார்ந்து எழுதினாரே, அது போகவில்லையே" என்றாள். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆயினும் அன்று முதல் எந்த மைப்புட்டியைக் கண்டாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: நீ தண்ணீருக்கு என்ன பதில் சொல்வாய்?

புளூ பிளாக் ஏன் நின்றது? அது நம் கடுக்காய் மையின் உறவினர். கடுக்காயின் துவர்ப்பும், இரும்பின் உப்பாகிய அன்னபேதியும் சேர்ந்த மை எழுதும்போது வெளுத்திருக்கும். காற்றுப் படப்படக் காகிதத்தின் நாருக்குள்ளேயே கறுத்து, கரையாத பொருளாகிவிடும். எழுதுகிறவன் கண்ணுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அதில் நீலச் சாயம் கலக்கிறார்கள். நீலம் கழுவிப் போனாலும் இரும்பு நிற்கும். நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் இந்த இரும்பு மைக்கென்றே தனி விதி உண்டு. பேனாவை அரிக்காமல் இருக்க இரும்பு 0.1 சதவிகிதம் என்று கணக்கு. இன்னும் முன்னே சென்றால் பனை ஓலை. அதில் எழுத்தாணியால் கீறிய பிறகுதான் மை பூசுவார்கள். மை போனாலும் கீறல் போகாது. மறுபடியும் கரியைத் தேய்த்தால் எழுத்து எழுந்து வரும். நம் முன்னோர்கள் ஈரமும் கரையானும் நிறைந்த தேசத்தில் வாழ்ந்தவர்கள். அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள் போலும்.

சரி, மயில்கள் என்ன பதில் சொல்லின? ஒரே தாளில் மூன்று வரிகள் எழுதினேன்: குஜாக்கு ஒன்று, தாம்பரத்துக் கலவை ஒன்று, இரும்பு மை ஒன்று. ஒரு நாள் முழுவதும் உலரவிட்டேன். பிறகு ஒவ்வொன்றின் மேலும் குழாய்த் தண்ணீரில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிஷம் கழித்து ஒற்றுத்தாளால் எடுத்தேன். இரும்பு மை அசையவில்லை. அதன் நீலம் மட்டும் கொஞ்சம் இளகியது. குஜாக்கு அழகாகக் கரைந்து குளம்போல் பரவியது; அடியில் எழுத்தின் நிழல் ஒன்று தெரிந்தது; என்ன எழுதினேன் என்று தெரிந்தவனால்தான் படிக்க முடியும். தாம்பரத்துக் கலவையில் பச்சைப் பங்கு முழுவதும் ஓடிவிட்டது. தாமிர நீலம் மாத்திரம் மெல்லிய கோடாகத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றது. இதைக் குற்றமாகச் சொல்லலாகாது. நீரில் கரையும் சாயம் என்பதனால்தான் அது பேனாவின் நாக்கை அடைக்காமலும், நிப்பை அரிக்காமலும், கழுவினால் சுத்தமாகப் போகும்படியும் இருக்கிறது. கரைவது அதன் சுபாவம். அந்தச் சுபாவத்தை அறிந்து வேலை கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

அப்படியானால் மயில் கழுத்து மைக்கு என்ன வேலை கொடுப்பது? பள்ளிக்கூடத்தில் நிறங்களுக்கு உத்தியோகம் ஏற்கெனவே பங்கிட்டாகிவிட்டது. மாணவர்களுக்கு நீலமும் கறுப்பும். ஆசிரியர்களுக்குச் சிவப்பு. உயர்ந்த உத்தியோகஸ்தர்கள் பச்சையில் கையெழுத்திடுவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். மயில் கழுத்துக்கு ஒரு நாற்காலியும் மிச்சமில்லை. வருகைப் பதிவேட்டில் அந்த மையால் கையெழுத்திட்டால், பச்சை என்பவர் என் மேல் அதிகார மோகம் என்ற பழியைச் சுமத்துவார். நீலம் என்பவர் நான் இன்னும் மாணவனா என்று கேட்பார். மதிப்பெண் பட்டியலுக்கும் பத்திரத்துக்கும் பாங்கிச் செக்குக்கும் இந்த மையைத் தொடவே கூடாது. அவையெல்லாம் இரும்பைக் கேட்கும் காரியங்கள்.

உத்தியோகம் இல்லாதவனுக்குத்தான் கடிதம் எழுத நேரம் இருக்கும். மைக்கும் அப்படியே. பிறர் ஆணையிட்டு எழுதும் எழுத்துக்கெல்லாம் நிறம் நிச்சயித்தாயிற்று. யாரும் கேளாமல், நாமாக விரும்பி உட்கார்ந்து ஒருவருக்கு எழுதுகிறோமே, அந்த எழுத்துக்கு மட்டும் நிறம் நிச்சயிக்கப்படவில்லை. அதற்கு இந்த மயிலை வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். கையால் எழுதிய கடிதம் வீட்டுக்கு வந்து எத்தனை நாளாயிற்று என்று வாசகர்கள் ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்கட்டும். இன்று ஒரு கடிதம் எழுதி அனுப்பினால், அது பெறுகிறவர் வீட்டில் அன்றைக்கு ஒரு திருவிழா.

இரண்டு மயில்களுள் எது உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் கெட்டித் தாளில் இரண்டையும் பெயர் சொல்லாமல் காட்டி, வெளிநாட்டு மை எது என்று கேட்டேன். சரிபாதிப் பிள்ளைகள் தாம்பரத்து மயிலைக் காட்டினார்கள். நோட்டுத் தாளில் காட்டியிருந்தால் எல்லோரும் சரியாகச் சொல்லியிருப்பார்கள். ஆகவே, ஏழைத் தாளிலும் எழுத்தின் மானத்தைக் காப்பாற்றுவதில் ஜப்பான் மயிலுக்கு முதல் மார்க்கு. தண்ணீரில் விழுந்தாலும் ஒரு கோடாவது மிச்சம் வைப்பதில் தாம்பரத்து மயிலுக்கு முதல் மார்க்கு. எங்கள் ஊர்க்காரனுக்கு இரண்டாவது குணம் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கிறது.

கடிதம் எழுதத் துணிந்த நேயர்களுக்கு நான் இப்போது பின்பற்றும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். கடிதத்தின் உள்ளே மயில் கழுத்து மை. தேதி, பெற வேண்டியவர் பெயர், முடிவில் என் பெயர், இம்மூன்றும் இரும்பு மை. உறையின் மேல் விலாசமும் இரும்பு மையே; ஏனென்றால் கார்த்திகை மாதத்துத் தபால்காரர் மழையில்தான் வருகிறார். நாளைக்கே ஒரு வெள்ளம் வந்தாலும், யார், யாருக்கு, எந்த நாளில் எழுதினார் என்பதாவது மேகத்தின் நடுவே நிற்கும்.